துண்டு போட்ட இடம்

மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். துண்டு மட்டும் தெரியாது. பூலாங்கரை நகராட்சி அதை வாங்கி வைத்த முதல் வாரத்திலேயே இந்தக் குறை வெளிப்பட்டுவிட்டது.

மேஸ்திரி என்பது ஆள் இல்லை. குளிர்வெளியைக் கவனித்துக்கொள்ளும் இயந்திர மூளைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர். நகராட்சி வைத்த பெயர் நான்கு வரி வரும். அது பலகையோடு சரி. குளிர்வெளி என்பது பழைய மாட்டுச்சந்தைத் திடல். மூன்று ஏக்கர். மேலே வெள்ளைக் கூரைத்துணி, சிமெண்டுத் தரைக்குள் குளிர்நீர்க் குழாய்கள், நடுநடுவே சாரல் தூவும் தூண்கள். குளிர்ச்சி வெளியே போய்விடாமல் சுற்றிலும் இரண்டாள் உயரத்துக்குக் கல்லுக்கும் உடையாத கண்ணாடித் தடுப்பு, ஒரே ஒரு கதவு. தரை முழுவதும் கோடு போட்டு அறுநூற்று நாற்பது கட்டங்கள் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள்.

சித்திரை, வைகாசி வெயில் ஐம்பது டிகிரியைத் தொட ஆரம்பித்து இருபது வருடம் ஆகிவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே பகலில் இருந்தால் பிழைக்க முடியாது என்று திடலைச் சுற்றியுள்ள மூன்று தெருக்காரர்களுக்கும் தெரியும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் குளிர்வெளிக்கு வந்து படுத்தால் வெயில் தாழ்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு, பலருக்கு அது உயிர்.

இதற்கெல்லாம் பொறுப்பு வடிவு. நகராட்சியின் திறந்தவெளிப் பிரிவு அலுவலர், நாற்பத்தாறு வயது. ஊரில் இருக்கிற ஏழு பூங்கா, இரண்டு குளக்கரை, ஒரு சுடுகாட்டுத் தோட்டம், இந்தக் குளிர்வெளி என்று எல்லாம் அவள் தலையில்தான் விடியும். பூங்காவில் ஊஞ்சல் அறுந்தாலும் அவளுக்குத்தான் போன் வரும், குளக்கரையில் எவனாவது குடித்துவிட்டு விழுந்து கிடந்தாலும் அவளுக்குத்தான்.

ஆள் இருந்தால்தான் இடம் என்பது மேஸ்திரியின் கணக்கு. தரைக்கு அடியிலிருந்து எடையைப் பார்க்கும். மேலிருந்து உடம்புச் சூட்டைப் பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் கட்டம் காலி என்று வாசல் பலகையில் பச்சை விளக்கைப் போட்டுவிடும். பூலாங்கரைக்காரர்களின் கணக்கு வேறு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் சீட்டு. பந்தியில் கைக்குட்டையைப் போட்டால் இலை. குழாயடியில் குடத்தை வைத்தால் வரிசை. ஆள் எங்கே இருந்தாலும் துண்டு இருந்தால் ஆள் இருக்கிற மாதிரிதான். காலை ஆறு மணிக்கே வந்து கட்டத்தில் துண்டை விரித்து, நாலு மூலைக்கும் கல்லை வைத்துவிட்டு, சோறு பொங்கவும் மூட்டை தூக்கவும் போய்விடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் துண்டுக்கு மேலே எவனோ குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். எழுப்பினால், மேஸ்திரி காலி என்று காட்டியது என்பான். மூன்றே நாளில் இரண்டு மண்டை உடைந்தது.

வடிவு மேஸ்திரியிடம் பேசி, துண்டுக்கு ஒரு மணி நேரம் மரியாதை வாங்கிக் கொடுத்தாள். அது போதவில்லை. அடுத்த வாரமே இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு அவள் அலுவலகத்துக்கு வந்து நின்றாள் மாடத்தி. அப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், ஐம்பது வயது, வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"எம்மா, ஒங்க மேஸ்திரிக்கு ஒரு மணி நேரந்தான் பொறுமையா? எங்க வீட்டுக்காரரு விடியக்காலம் அரிசி மண்டிக்கு மூட்ட தூக்கப் போனா, லாரிய அனுப்பிட்டு வாரதுக்குப் பன்னெண்டு மணி ஆயிரும். வேலவெட்டி இல்லாதவன் காலையிலயே வந்து மல்லாந்துக்கிடுதான். வெயில்ல ஒழச்சிட்டு வாரவுகளுக்கு எடம் இல்ல. இது என்னம்மா நியாயம்?"

"மாடத்திக்கா, ஆளே இல்லாத எடத்த நாள் முழுக்க எப்படி வச்சிருக்க முடியும்?"

"ஆளு இல்லன்னு யாரு சொன்னா? துண்டு கெடக்குல்லா?"

வடிவுக்குச் சுருக்கென்றது. அவள் அப்பாவும் மண்டியில் மூட்டை தூக்கியவர்தான். உழைக்கிறவனுக்குத்தான் முதல் நிழல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் மாடத்தியிடம் சொல்லவில்லை. ஆண்டுக்கு எண்பது சதவீதம் பயன்பாடு காட்டாத திறந்தவெளிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடலாம் என்று புதிதாக ஓர் ஆணை வந்திருந்தது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மேஸ்திரி ஆட்களை எண்ணும். ஆட்கள் வருவதே நண்பகலில்தான் என்பதால், குளிர்வெளியின் பயன்பாடு ஐம்பத்தேழில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கம்பெனி ஏற்கெனவே வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தது. துண்டையும் ஆளாக எண்ணினால் ஐம்பத்தேழு தொண்ணூறைத் தாண்டும். நியாயமும் ஆதாயமும் ஒரே பக்கம் சேர்ந்து நின்றால் யாரும் இரண்டாவது தடவை யோசிப்பதில்லை. வடிவும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலமே போனில் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அது புத்தகத் தமிழில்தான் பேசும்.

"துண்டு விரித்தவர் ஒரு மணி நேரத்தில் வராவிட்டால் என்ன செய்ய?"

"அவங்க எப்ப வந்தாலும் சரி. சாயங்காலம் வரைக்கும் எடம் அவங்களோடதுதான்."

"அப்படியானால் துண்டை ஆளாகவே எண்ணவா?"

"எண்ணு."

"எல்லாக் காரியத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்," என்றாள் வடிவு. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

இரண்டு மாதம் சண்டை இல்லை. மூன்று தெருவிலும் அவளைக் கண்டால் எழுந்து நின்றார்கள். மாடத்தி ஒரு கட்டு அப்பளம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டாள். பயன்பாடு தொண்ணூற்று நான்கு. மண்டலத்திலேயே முதலிடம்.

வைகாசி பதினெட்டாம் தேதி அந்த வெயில் வந்தது. முந்தின நாளே அறிவித்துவிட்டார்கள்: ஐம்பத்திரண்டு டிகிரி, காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, வெட்டவெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது. அதைக் கேட்டு மூன்று தெருவும் விடிவதற்கு முன்பே துண்டும் கையுமாக ஓடியது. ஆறரை மணிக்கெல்லாம் வாசல் பலகையில் அறுநூற்று நாற்பது. மேஸ்திரி வந்ததிலிருந்து வெளி முழுதாக நிரம்பியது அன்றுதான். துண்டை விரித்துவிட்டு, என்ன வெயில் அடித்தாலும் நமக்கு இடம் இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். வடிவு பலகையைப் படம் பிடித்து மண்டல இயக்குநருக்கு அனுப்பிவிட்டு, மாவட்டத் தலைநகரில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்கு பஸ் ஏறினாள்.

பதினொன்று நாற்பதுக்கு வெயில் எச்சரிக்கைக்கான நகராட்சிச் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் கதவுக்கு ஒரு விதி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருநாள் தொள்ளாயிரம் பேர் முண்டியடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, குளிர்நீர் பம்பு படுத்துவிட்டது. உள்ளே இருந்த அத்தனை பேரும் வெந்து மயங்கி விழுந்தார்கள். அதற்குப் பிறகு, சங்கு ஊதும்போது வெளி நிரம்பியிருந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே இருப்பவர் கதவின் ஒருவழிச் சுழல்கம்பி வழியாக ஒவ்வொருவராக வெளியே போகலாம். வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. கதவைத் திறக்க வடிவின் குரல் வேண்டும்.

பத்து நிமிடத்தில் வாசல் காவலாளி ஆண்டபெருமாள் போன் செய்தார். வடிவு கூட்டத்திலிருந்து எழுந்து வராந்தாவுக்கு வந்தாள்.

"எம்மா, கதவு சாத்திக்கிட்டு. வெளிய நூறு நூத்தம்பது பேரு நிக்காவ. உள்ள எடம் கெடக்கு. தொறக்கச் சொல்லுங்க."

"எடம் எப்படி கெடக்கும் அண்ணாச்சி? அறநூத்தி நாப்பதும் ரொம்பிட்டுன்னு எனக்குக் காட்டுது."

"துண்டு கெடக்கும்மா. அதத்தான் சொல்லுதேன்."

"துண்டு போட்டவுக வருவாவல்லா? விடியக்காலம் வந்து எடம் புடிச்சுட்டு வேலைக்குப் போனவுக எடத்த, இப்ப வந்து நிக்கவுகளுக்குக் குடுத்தா, அவுக வந்து எங்க போவாவ? அதுக்காகத்தான இம்புட்டுப் பாடு?"

"வெளிய நிக்கவுகளும் எந்துண்டு எந்துண்டுன்னுதான் கத்துதாவ. யாரு துண்டு யாருதுன்னு நான் என்னத்தக் கண்டேன்."

"கதவு சாத்திட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு அனுப்பிவிடுங்க அண்ணாச்சி. பாவம்தான், என்ன செய்ய."

பள்ளிக்கூடம் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். சிலர் நடந்தார்கள். பலர் நகரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், அவர்கள் விரித்த துண்டு அவர்கள் வைத்த கல்லோடு கிடக்கிறது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவார்கள்? எப்படியும் திறப்பார்கள் என்று கண்ணாடியில் முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், மேஸ்திரியைத் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். மேஸ்திரிக்கு அவர்கள் குரல் கணக்கில் இல்லை. கிடக்கிற துண்டை எடுத்தால் கட்டம் காலியாகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆண்டபெருமாள் திரும்பவும் இரண்டு தடவை போன் செய்தார். கூட்ட அறையில் வடிவின் போன் ஓசையில்லாமல் கிடந்தது.

பன்னிரண்டரை மணிக்கு அவள் முறை வந்தது. எண்களைச் சொன்னாள். மண்டல இயக்குநர் தேவநேசன் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

"நம்பர் மட்டும் சொன்னா எப்படிம்மா? படம் போடுங்க. மத்த ஊர்க்காரங்களும் பாத்துக் கத்துக்கிடட்டும்."

வடிவு பெருமையோடு நேரலைப் படத்தைப் பெரிய திரையில் போட்டாள். திரை முழுக்க நிறம். நீலக் கட்டம் போட்டது, காவி, பச்சைக் கரை வைத்த வெள்ளை, பூப்போட்ட சேலைக் கிழிசல், பிள்ளைகளின் போர்வை. கோடு பிசகாமல் வரிசை வரிசையாகத் துண்டுகள்.

"அழகா இருக்கும்மா," என்றார் தேவநேசன். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "ஆளுங்க எங்க?"

வடிவு பார்த்தாள். தூண்களைச் சுற்றி ஒரு இருநூறு பேர் இருக்கலாம். மற்ற இடமெல்லாம் துணி. படத்தின் ஓரத்தில், கண்ணாடிக்கு வெளியே, ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். சிலர் அசையவே இல்லை.

"மேஸ்திரி, கதவத் தொற!" அவள் போனை எடுத்துக் கத்தியதில் அறையே திடுக்கிட்டது. "தொற! துண்ட எண்ணாத! தொற!"

"வெளி நிரம்பியிருக்கிறது," என்றது மேஸ்திரி, நிதானமாக. "இப்போது திறந்தால், இடம் பிடித்தவர்கள் வரும்போது அவர்களுக்கு இடம் இருக்காது. உறுதியாகத் திறக்கவா?"

"தொறன்னு சொல்லுதேன்லா!"

கதவு திறந்தபோது பன்னிரண்டு நாற்பத்தொன்று.

அவள் ஊர் வந்து சேர்வதற்குள் பதினோரு பேரை ஆம்புலன்சில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், துணி மூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பூதத்தான், மாடத்தியின் புருஷன். கடைசி லாரியை அனுப்பிவிட்டு, சங்குச் சத்தம் கேட்டு மண்டியிலிருந்து ஓடி வந்தவர்.

மாலை ஆறு மணிக்கு வடிவு குளிர்வெளிக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொருவராக வந்து, குனிந்து, கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். மத்தியானம் கதவுக்கு வெளியே கிடந்து பிழைத்தவர்களும் வந்து எடுத்துப் போனார்கள். இருட்டத் தொடங்கியபோது திடல் வெறுமையாகிவிட்டது. பதினோரு துண்டுகள் மட்டும் அங்கங்கே எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. அவற்றில் பூதத்தானின் நீலக் கட்டம் போட்ட துண்டும் ஒன்று.

ஆண்டபெருமாள் அவள் அருகில் வந்து நின்றார். அவருக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது.

"வெளிய நின்னவுக அம்புட்டுப் பேரும் துண்டு போட்டவுகதாம்மா. நானும் பொய் சொல்லுதாவன்னுல்லா நெனச்சேன்."

வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் வந்தவர்களிடமிருந்து காலையில் வந்தவர்களின் இடத்தைக் காப்பாற்றத்தான் அவள் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே ஆட்கள். அவர்கள் விரித்த துண்டே அவர்களை உள்ளே விடவில்லை. அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது அவள் வாய். ஆண்டபெருமாளுக்கு முன்னால் அழுதாள்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு வந்த தேவநேசன் கெட்ட மனிதர் இல்லை. காபியைத் தொடாமல் வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"கொள்ளளவு நிறைஞ்சிருந்துச்சு. அதுக்கு மேல வந்தவங்க இறந்துட்டாங்க. பதிவுல அப்படித்தானம்மா இருக்கு. அப்படியே எழுதிருங்க."

"சார், உள்ள இருந்தது துண்டு."

"துண்டுன்னு எழுதினீங்கன்னா, போன ரெண்டு மாசமும் துண்டுதான்னு ஆயிரும். மறுபடி அம்பத்தேழு. அடுத்த மாசமே கம்பெனிக்காரன் உள்ள வந்து சோபா போட்டு டிக்கெட் வச்சிருவான். உங்க மூணு தெருவுல யாரு டிக்கெட் எடுப்பா?" அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "முடிவு உங்களோடது. நான் எதையும் கட்டாயப்படுத்தல."

வடிவு உண்மையைத்தான் எழுதினாள். ஒன்றரைப் பக்கம். தவறு தன்னுடையது, இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் உள்ளே இடம் இருந்தது என்று பதினோரு பேரின் பெயரையும் எழுதினாள். அனுப்புவதற்கு முன் மாடத்தியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கப் போனாளா, தண்டனை கேட்கப் போனாளா என்று அவளுக்கே தெரியாது.

தகர வீட்டின் வாசலில் மாடத்தி மகளோடும் பேரக் குழந்தையோடும் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு ஈரத்துணி சுற்றியிருந்தார்கள். வடிவு தாளைப் படித்துக் காட்டினாள். மாடத்தி தாளைக் காட்டிக் கேட்டாள்.

"இத அனுப்புனா என்னம்மா ஆவும்?"

"எனக்கு வேல போவும். கேசு வரும்."

"அத நான் கேக்கல. வெளி என்ன ஆவும்?"

வடிவு சொன்னாள். மாடத்தி வெகுநேரம் குழந்தையின் துணியை நனைத்து நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஆனி பொறக்க இன்னும் பத்து நாள் இருக்கு. வெயில் எறங்க ஒரு மாசம் ஆவும். வெளி போச்சுன்னா இவள எங்க போடுவேன்? இந்தத் தகரத்துக்கு அடியிலயா?" என்றாள். நாலு தெருவுக்குக் கேட்கும் அந்தக் குரல் வடிவுக்கே சரியாகக் கேட்கவில்லை. "அனுப்பாதீங்க."

"அப்ப ஒங்க வீட்டுக்காரரு எடம் இல்லாத எடத்துக்கு முண்டியடிச்சு வந்து செத்தாருன்னு எழுதணும் மாடத்திக்கா. என்னால முடியாது."

"எழுதுங்க. அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு." மாடத்தி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒங்கள நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிடாதீங்க. அது வேற, இது வேற. கேட்டது நானு, குடுத்தது நீங்க. கதவு மட்டும் இனிமே துண்ட எண்ணக் கூடாது. அத மொதல்ல செய்யுங்க."

அன்று சாயங்காலம் வடிவு மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"கதவுக்கு ஆளை மட்டும் எண்ண வேண்டும். பயன்பாட்டுக் கணக்குக்குத் துண்டையும் எண்ண வேண்டும். அப்படித்தானே?" என்று மேஸ்திரி கேட்டது.

"ஆமா."

"இரண்டில் எது சரியான எண்ணிக்கை என்று குறித்துக்கொள்ளட்டுமா?"

"வேண்டாம்," என்றாள்.

ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாலு வரி எழுதி அனுப்பினாள். கொள்ளளவு நிறைந்திருந்தது. கூடுதலாக வந்தவர்கள் இறந்தனர். கதவின் விதி திருத்தப்பட்டுள்ளது. வெளி தொடர்ந்து இயங்கும். வேலை போகவில்லை, கேசு வரவில்லை. அது அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

விசாரணை முடிந்து வெளியை மறுபடி திறந்த அன்று ஆட்கள் வரப் பயந்தார்கள். கதவு மறுபடி சாத்திக்கொண்டால் என்ன செய்வது என்று பலர் கோயில் மண்டபத்துக்கும் பாலத்துக்கு அடியிலும் போய்விட்டார்கள். எண்பது சதவீதத்துக்குக் கீழே போய்விடுமோ என்று வடிவு பதினொரு மணிக்கு வந்து பார்த்தாள். பலகை எண்பத்திரண்டு சதவீதம் காட்டியது. உள்ளே அவ்வளவு பேர் இல்லை. கணக்கு குறையாமல் இருக்கப் பெண்கள் வீட்டில் இருந்த பழந்துணியையெல்லாம் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். சாரல் தூணுக்கு அருகில் நல்ல குளிர்ச்சியான இடத்தில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை தூங்கியது. பக்கத்துக் கட்டத்தில் நீலக் கட்டம் போட்ட துண்டு ஒன்று துவைத்து, சுருக்கமில்லாமல், கல் வைத்து விரித்திருந்தது.

வடிவு அங்கேயே நின்றாள்.

லாரியிலிருந்து இறங்கி வந்த வெளியூர்க்காரர் ஒருவர், சட்டையெல்லாம் நனைந்து, தூணைப் பார்த்து நேராக அங்கே வந்தார். துண்டைக் காட்டி மாடத்தியிடம் கேட்டார்.

"இங்க யாரும் வாராங்களாக்கா?"

மாடத்தி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர், பக்கத்தில் நகராட்சி அட்டையோடு நின்றவளிடம் திரும்பினார்.

"மேடம், இதுல உக்காரலாமா?"

"இல்லங்க," என்றாள் வடிவு. "ஆளு வருது. வேற எடம் பாருங்க."